கோட்டுக்குக் கீழே

என் கணவர் செத்துப்போன பிறகும் டிப்போ அவரை வேலைக்குக் கூப்பிட்டது. மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி டிரைவர்களுக்கு ஒரு வகுப்பு வைத்திருக்கிறோம், அவருடைய படத்தைத் திரையில் போடப்போகிறோம், நீங்களும் வந்து நாலு வார்த்தை பேசவேண்டும் என்று மேனேஜர் போனில் சொன்னார். எனக்கு விருந்து வைப்பது போன்ற பெருந்தன்மை அவர் குரலில் இருந்தது. வருகிறேன் என்றேன். என்ன பேசுவேன் என்று அவர் கேட்கவில்லை.

என் கணவர் நகரப் பேருந்து ஓட்டினார். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியதும் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கில் தலை சாய்த்தவர், பிறகு நிமிரவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பயணிகள் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்பதை டிப்போக்காரர்கள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதைக் கேட்டு என் மனம் ஆறவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள் போல.

அழுத்தம் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கு வகுப்பு தேவையில்லை. வருடக்கணக்காக அது எங்கள் கட்டிலில்தான் படுத்திருந்தது. தூக்கத்தில் அவருடைய வலது கால் மெத்தையை ஓங்கி மிதிக்கும். பிரேக் போடுகிறார் என்று அர்த்தம். பல்லை நறநறவென்று கடிப்பார். எழுந்திருக்கும்போது பின்கழுத்து கல்லாக இறுகியிருக்கும். வேலையிலிருந்து வந்தால் விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடித்த வளைவிலேயே நிற்கும். வெந்நீரில் வைத்து ஒவ்வொன்றாக நீட்டிவிடுவேன். பிரஷர் ஏறினால் முதலில் காதுமடல் சிவக்கும். டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். உடம்பிலுள்ள அதிகப்படி நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை. கடைசி நிறுத்தத்திலோ கழிப்பறை கிடையாது. இருந்திருந்தாலும் போய்வருவதற்கு அட்டவணையில் நேரம் கிடையாது. அதனால் வேலை நாட்களில் மாத்திரையை விட்டுவிடுவார், தண்ணீரும் குடிக்கமாட்டார். லீவு நாளில் மட்டும் ஒழுங்கான நோயாளி.

இதற்கெல்லாம் டிப்போ கண்டுபிடித்த வைத்தியம் ஒரு பயிற்சியாளர். வெண்ணெய் தடவிய குரல் அவருக்கு. தோளைத் தளர்த்துங்கள், மூக்கால் மெதுவாக இழுங்கள், அதைவிட மெதுவாக வாயால் விடுங்கள், உங்களுக்குப் பிடித்த ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்பு முடிந்து வந்து என் கணவர் சிரித்தார். பிடித்த இடம் என்றதும் அத்தனை பேருக்கும் கழிப்பறைதான் நினைவுக்கு வந்ததாம்.

ஆனால் அந்த மூச்சு பலித்தது. வினையே அதுதான். டிப்போ நர்ஸ் மாதாமாதம் டிரைவர்களுக்கு பிரஷர் பார்ப்பார். ஓர் அளவைத் தாண்டினால் வண்டி கிடையாது. அந்த அளவுக்கு அவர்கள் 'கோடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். நர்ஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பயிற்சியாளர் சொன்னபடி கொஞ்ச நேரம் மூச்சு விட்டால் பிரஷர் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். வண்டியை எடுத்து இரண்டு சிக்னல் தாண்டுவதற்குள் பழையபடி ஏறிவிடும். அங்கே வந்து யார் பார்ப்பது? செத்துப்போன அன்று காலை நர்ஸ் பார்த்தபோதும் என் கணவர் கோட்டுக்குக் கீழேதான் இருந்தார்.

வகுப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் ஹாரன் வந்தான். என் கணவரோடு அதே தடத்தில் ஓட்டியவன். பேச ஆரம்பித்தால், ஹாரனில் வைத்த கையை எடுக்காதவன் போல நிறுத்தவே மாட்டான் என்பதால் அந்தப் பட்டப்பெயர். அன்று சமையலறை வாசலில் சத்தமில்லாமல் நின்றான்.

"நாளைக்கு அந்த மூச்சு விஷயத்த மட்டும் எடுத்துடாதீங்க அண்ணி."

அவனுடைய காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன. மாத்திரை போடுகிறாயா என்று கேட்டேன். லீவு நாளில் போடுவானாம்.

"பெஞ்சுல உக்காந்து எப்படி விடணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே அண்ணன்தான். நீங்க வாயத் தொறந்தா முதல்ல நாறப்போறது அவரு பேருதான்."

"பேரு நாறினா நாறட்டும். நீ நாறிடக் கூடாது."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். இரண்டு பெண்கள் படிக்கிறார்கள், வண்டியிலிருந்து இறக்கினால் பஸ் கழுவத்தான் போடுவார்கள், அந்தச் சம்பளத்தில் யாரும் குடும்பம் நடத்த முடியாது, உங்களுக்கென்ன, உங்கள் கதை முடிந்துவிட்டது என்றான். தண்ணீர் கொடுத்தேன். இன்னும் ஒரு நடை பாக்கி இருக்கிறது என்று தொடாமலே போய்விட்டான்.

வகுப்பு டிரைவர்களின் ஓய்வறையில் நடந்தது. என் கணவரின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கித் திரையில் போட்டிருந்தார்கள், சுவரிலும் ஒன்றை மாட்டியிருந்தார்கள். கடைசி நொடியிலும் நிதானம் தவறாத டிரைவர் என்று மேனேஜர் பேசினார். பிறகு பயிற்சியாளர், மூச்சின் மகிமையைக் கண்ணாலேயே பாருங்கள், யாராவது முன்னால் வாருங்கள் என்றார். எல்லோருமாகச் சேர்ந்து ஹாரனைத் தள்ளிவிட்டார்கள். காற்றடிக்க இவனைவிட்டால் ஆளில்லை என்று ஒருவன் சொல்ல, அறை சிரித்தது. ஹாரன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினான். மூச்சு விட்டு முடித்ததும் பிரஷர் பார்க்க நர்ஸ் கருவியோடு தயாராக நின்றார். அவன் மூச்சு விடுகிற நேரத்தில் பேசும்படி என் கையில் மைக்கைக் கொடுத்திருந்தார்கள். நான் ஹாரனின் காதைப் பார்த்தேன்.

"நர்ஸம்மா, இப்பவே பாருங்க. இவன மூச்சு விட விடாதீங்க."

இரண்டொருவர் சிரித்தார்கள். மேனேஜர் என்னை உட்காரச் சொன்னார்.

"என் வீட்டுக்காரரு இந்த மூச்ச விட்டு விட்டுத்தான் கோட்டுக்குக் கீழ வந்தாரு. இவனும் அப்படித்தான். இங்க உக்காந்திருக்கிற பாதிப் பேரும் அப்படித்தான். சொல்லிக் குடுத்தவரு அதோ செவுத்துல இருக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. அம்மா துக்கத்தில் இருக்கிறார் என்று பயிற்சியாளர் அதே வெண்ணெய்க் குரலில் விளக்கினார். நர்ஸ் அதற்குள் நெருங்கி வந்தார். ஹாரனின் கையில் பட்டையைச் சுற்றினார். கருவியைப் பார்த்தார். பட்டையை அவிழ்த்து மறு கையில் சுற்றி இன்னொரு தரம் பார்த்தார். இவர் இன்றைக்கு வண்டி எடுக்கக்கூடாது, இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று மேனேஜரிடம் தணிந்த குரலில் சொன்னார்.

ஹாரன் பட்டையைப் பிய்த்து எறிந்தான். என் முகத்துக்கு நேராக வந்து நின்றான்.

"வயிறு குளுந்துச்சா அண்ணி?"

குளிர்ந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. யாரோ திரையை அணைத்தார்கள்.

இப்போது நர்ஸ், டிரைவர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக பிரஷர் பார்க்கிறார். கோட்டைத் தாண்டிய பலரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஓய்வறையில் மாட்டியிருந்த என் கணவரின் படத்தையும் கழற்றிவிட்டார்கள். கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை கட்டப்போவதாகச் சொல்கிறார்கள். ஒரு செங்கல்கூட வந்து இறங்கவில்லை. ஹாரனின் மனைவி என்னைக் கடையில் பார்த்தால், எங்கள் வாயில் மண்ணள்ளிப் போட்டவள் போகிறாள் பார் என்று பக்கத்திலிருப்பவர்களுக்குக் காட்டுகிறாள். எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சொல்கிறாள். கேட்கிறது.

ஹாரன் பஸ் கழுவுகிறான். போன வாரம் டிப்போ வாசலில் எதிரே வந்தான். கையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். என்னைக் கண்டதும் விறுவிறுவென்று சாலையைக் கடந்தான். அவனுக்கு மூச்சு வாங்கவில்லை, நின்று கவனித்தேன். காதும் காதின் நிறத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் திரும்பி, நான் பார்க்கிறேன் என்று தெரிந்தே, காறித் துப்பினான்.

துப்புவதற்கு வாயில் ஈரம் இருந்தது அவனுக்கு.