ரென்ஸ்காவின் இரண்டு கோடுகள்

ஹார்லிங்கன் துறைமுகத்தில் ஹெர்ரிங் மீன் விலை லேசாக ஏறியிருந்த ஒரு மார்ச் மாதத் திங்கட்கிழமை, கெர்பனின் மனைவி ரென்ஸ்காவின் மேலும் கீழும் இரண்டு நீலக் கோடுகள் வந்து நின்றன. மேல்கோடு நெற்றிக்கு நேரே, கீழ்க்கோடு முழங்காலுக்கு நேரே, இரண்டும் இரு பக்கமும் ஒரு முழம் நீண்டு, அவள் போகிற இடமெல்லாம் கூடவே போயின. டாக்டர் பார்த்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்றார். முடிவெட்டும் பெண் குனிந்து வெட்டப் பழகிக்கொண்டாள். துவைத்தால் போகுமா என்று ரொட்டிக் கடையில் கேட்டார்கள், போகாது என்றாள். அத்தோடு ஊர் அதை விட்டுவிட்டது.

விடாதவன் கெர்பன் ஒருத்தன்தான். எங்கள் பங்குச்சந்தைக் கழகத்தில் பட்டை என்றால் கெர்பன். ஒரு பங்கின் கடைசி இருபது நாள் விலையின் சராசரியை எடுத்து, விலை எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு தள்ளி மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போடுவான்; அந்த இரண்டு கோடும் சேர்ந்ததுதான் பட்டை. சந்தை அடங்கினால் இரண்டும் நெருங்கும், ஆடினால் விலகும். ஒட்டிக்கொள்கிற அளவுக்கு நெருங்கினால் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். ஆனால் ஏறுமா இறங்குமா என்று மட்டும் பட்டை ஒருநாளும் சொல்லாது. இதைப் பத்தொன்பது வருடமாக எங்கள் காது புளிக்கச் சொன்னவனே அவன்தான். அவனை விட்டுவிட்டு, சந்தைச் செய்தி வந்தாலே ரேடியோவை அணைக்கிற மனைவியிடம் அந்தக் கோடுகள் போனால் வயிறு எரியாதா? "கோடு போட்டது நான், வந்தது உனக்கா?" என்றான். "வேணும்னா நீயே எடுத்துக்கப்பா, உருளைக்கிழங்கு உரிக்கும்போது முழங்கையில இடிக்குது," என்றாள் அவள். இழுத்துப் பார்த்தான், வரவில்லை.

அந்தப் பொறாமையாவது ஒரு மாதத்தில் ஆறியிருக்கும். அதற்குள் அடுத்தது வந்தது. பக்கத்து வீட்டு ஃபோப்பே, பயணிகள் படகில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவன், எந்நேரமும் விசிலடிப்பவன், புதன்கிழமை தோறும் பத்தரை மணிக்கு ரென்ஸ்காவோடு காபி குடிக்க வருவான். அந்த நேரத்தில் கெர்பன் மாடியில் திரைக்கு முன்னால் இருப்பான். ஒரு புதன்கிழமை புகையிலை வாங்கப் போனவன் கால்வாய்க்கு அக்கரையிலிருந்து தற்செயலாகத் திரும்பிப் பார்த்தான். எங்கள் ஊரில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. மேஜைமேல் இருப்பதை மட்டும் பூந்தொட்டிகள் மறைக்கும். ஃபோப்பே சிரித்துக்கொண்டிருந்தான். ரென்ஸ்காவின் மேல்கோடு விளக்கைத் தொட்டது, கீழ்க்கோடு தரையைத் தொட்டது. தன்னோடு சாப்பிடும்போது அவை நெற்றியையும் முழங்காலையும் தாண்டி விலகியதே இல்லை என்பது கெர்பனுக்கு உடனே ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து வாரம் தவறாமல் அக்கரையில் போய் நின்றான், மழையிலும் நின்றான். பாவம், இளைத்துப் போனான். கழகத்துக்கு வந்தாலும், அங்கே எங்களோடு உட்கார்ந்திருக்கும் ஃபோப்பேயின் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்டோபரில் ஃபோப்பே குடலிறக்க அறுவைக்காகக் குரோனிங்கனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனான். ரென்ஸ்காவின் கோடுகள் நாளுக்கு நாள் நெருங்கின. இருபதாம் நாள் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையவில்லை. ஆள் ஊரில் இல்லாததையும் கெர்பன் சந்தேகக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டான்: அங்கே இரண்டு பேருக்கும் வீடு பார்க்கிறான், இங்கே இவள் முடிவெடுத்து அடங்கிவிட்டாள், உடைத்துக்கொண்டு போகப்போகிறாள். சரிகிற பங்கை மற்றவர்களுக்கு முன்னால் விற்றுவிட்டு வெளியேறுவதுதான் அவன் பழக்கம். கயிற்றுக் கடை மாடியில் ஓர் அறை பேசி முடித்தான். புதன்கிழமை பத்தரைக்குப் பெட்டியோடு கீழே இறங்கினான். ஊர் திரும்பியிருந்த ஃபோப்பே மேஜையில் உட்கார்ந்திருந்தான்.

"நான் போறேன்," என்றான் கெர்பன். "நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க."

"எங்க போற? காபி ஆறுது."

"நடிக்காத ரென்ஸ்கா. இவன் வந்தா உன் கோடு விரியுது. நான் வந்தா செத்த மாதிரி கிடக்குது."

ஃபோப்பே அப்போதுதான், மூடிவைத்த டப்பாவைத் தானே திறந்து இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தான். மேல்கோடு சடாரென்று எழும்பி விளக்கை உடைத்தது.

"ஆமா, விரியுது! விரியாம? ஏழு மாசமா நான் மூடி வைக்கிறேன், இந்த ஆளு திறந்து திறந்து எடுக்கறான்! காபிக்கு ஒரு பிஸ்கட்டுன்னு உலகத்துக்கே தெரியும், இவனுக்குத் தெரியாதா? மூணு வாரம் நிம்மதியா இருந்தேன், தெரியுமா உனக்கு?"

ஃபோப்பே பிஸ்கட்டைத் திரும்ப வைத்தான். பட்டை திசை சொல்லாது என்று ஊருக்கே பாடம் எடுத்தவன் பெட்டியைப் பிடித்தபடி நின்றான். அதே நேரம் படகுகளுக்கு வழிவிடக் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் ஹெஸ்ஸல் ஜன்னலைத் தட்டினார்.

"கெர்பன், உன் கோடுகளைக் கொஞ்சம் சுருக்குய்யா! கீழ்க்கோட்டுல படகெல்லாம் அடி தட்டுது. மார்ச்சிலேருந்து பொறுத்துப் பார்த்துட்டேன்."

"எனக்கு ஏது கோடு?"

ஹெஸ்ஸல் மேலே கை காட்டினார். தேவாலயக் கோபுரத்துக்கும் மேலே, ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு நீலக் கோடு. விமானம் போன தடம் என்று நாங்கள் நினைத்திருந்தது அதைத்தான். கீழ்க்கோடு கால்வாயின் அடிச்சேற்றில் கிடந்தது. கெர்பன் ஓரடி நகர்ந்தான், வானத்தில் அதுவும் ஓரடி நகர்ந்தது.

ரென்ஸ்கா ஜன்னலில் எட்டி அண்ணாந்து பார்த்தாள். "இவ்வளவா?" என்றாள்.

"இவ்வளவுதான்," என்றான் அவன், வெட்கத்தோடு.

அவள் டப்பாவைத் திறந்து அவன் பக்கம் தள்ளினாள். ஒன்று எடுத்தான். அவள் மூடவில்லை. இரண்டாவதையும் எடுத்தான்.

கயிற்றுக் கடை மாடி அறையில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். கெர்பனின் மேல்கோடு ஆறு மாதத்தில் மாடி ஜன்னல் உயரத்துக்கு இறங்கிவிட்டது. திங்கட்கிழமைகளில் ரென்ஸ்கா அதில் துணி காயப்போடுகிறாள். ஃபோப்பே தெருவில் விசிலடித்துக்கொண்டு போனால் மட்டும் படுக்கை விரிப்புகள் கோபுரத்துக்கு மேலே போய்விடும். அவள் கிளிப்புக் கூடையோடு ஜன்னலில் நின்று, அவை இறங்கும்வரை காத்திருப்பாள்.