அபோலேனாவின் ஓட்டு

அபோலேனாவின் ஓட்டு எங்கே போகிறது என்பது ஒரு வாத்தினால்தான் வெளியே வந்தது.

எங்கள் ஊரில் வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் நகரசபை ஓட்டு. சோப்புப் பட்டறைக்காரியான அபோலேனா விதவை. வரியை ஒரு நாள்கூடத் தள்ளிக் கட்டாதவள். ஆகவே ஓட்டு உண்டு. ஆனால் பெண். ஆகவே தேர்தல் அறைக்குள் கால் வைக்கக் கூடாது. ஓர் ஆணுக்கு அதிகாரச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பவேண்டும். அவன் மேஜைக்கு முன்னால் நின்று, வேட்பாளர் பெயரை வாய்விட்டுச் சொல்வான். மூன்று தேர்தல்களாக அந்த வாய் அவளுடைய கொழுந்தன் ஹினெக்கின் வாய். "துசெக் வாத்தியார்னு சொல்லு" என்று சொல்லித்தான் அனுப்புவாள். வாத்தியார் ஒவ்வொரு முறையும் தோற்பார்.

1906 நவம்பரில், ஊரே வாத்து சமைக்கும் மார்ட்டின் திருநாளன்று, நகரசபைத் தலைவர் புரோகோப் வழக்கம்போலக் கொழுத்த வாத்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். அத்தனை வருடமும் அது நகரசபைக்கு மொத்தமாகச் சோப்பு கொடுப்பதற்கான மரியாதை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"மூணு தேர்தலா எனக்கே போடறீங்க. அந்த விசுவாசத்துக்கு ஒரு வாத்து பெரிசா?" என்றார் தலைவர்.

அபோலேனா வாத்தை வாங்கி வைத்துவிட்டு ஹினெக்கைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அண்ணி, கோவப்படாதீங்க. ஜெயிக்கிற ஆளுக்குப் போட்டாத்தானே ஓட்டுக்கு மரியாதை? வாத்தியாருக்குப் போட்டா வீணாப் போயிடும்."

"என் ஓட்டுடா அது. வீணாக்குவேன், ஊறுகாய் போட்டு வெப்பேன். உனக்கென்ன?"

"வாத்து நல்லா இருந்துதா இல்லியா? அதைச் சொல்லுங்க."

வாசலைக் காட்டிவிட்டாள்.

அவளுக்கு இது வெறும் ரோஷம் மட்டுமல்ல. தான் ஜெயித்தால் தொழிலாளிகளுக்கும் பெண்களுக்கும் ஓட்டு கேட்டு நகரசபையின் பெயரில் தலைநகர் வியன்னாவுக்கு மனு அனுப்புவேன் என்று துசெக் வாத்தியார் சொல்லியிருந்தார். வியன்னாவிலோ ஆண்களுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்ற பேச்சுதான் நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் பட்டறையில் சோப்புக் கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்த மத்தவுஷிடம் போனாள். அவன் தொழிலாளர் ஓட்டுரிமைச் சங்கத்தின் செயலாளர். அவனுக்கு ஓட்டு கிடையாது.

"மொதலாளியம்மா, நான் இன்னொருத்தர் ஓட்டைச் சுமந்துக்கிட்டுப் போனா சங்கத்துல சிரிப்பாங்க."

"எனக்கு ஓட்டு இருக்கு, வாய் கிடையாது. உனக்கு வாய் இருக்கு, ஓட்டு கிடையாது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆம்பள. என்ன சொல்றே?"

"இதுல யாருக்கு அவமானம் அதிகம்னு யோசிக்கிறேன்."

"கிண்டிக்கிட்டே யோசி. அடிப்பிடிக்குது."

மத்தவுஷ் சம்மதித்தான். அதற்குப் பிறகு இரண்டு நாள் வேலையே நடக்கவில்லை. "துசெக்" என்று கம்பீரமாகச் சொல்லவேண்டுமா, அடக்கமாகச் சொல்லவேண்டுமா என்று கொப்பரையைப் பார்த்து ஒத்திகை செய்துகொண்டிருந்தான்.

தேர்தலன்று காலை, நகரசபைக் கட்டடத்தில் கணப்பு அடுப்பு புகைந்ததால் அறையின் ஜன்னலை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். அது தரைத்தளம். ஓட்டில்லாத நாங்கள் எல்லாரும் தெருவில் அந்த ஜன்னலுக்குக் கீழே நின்றோம். அபோலேனாவும் சால்வையைப் போர்த்திக்கொண்டு எங்களோடு நின்றாள். மத்தவுஷ் சங்கத்துச் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு உள்ளே போனபோது நெசவாலைப் பையன்கள் வழிவிட்டு வணங்கினார்கள்.

"வாங்க அபோலேனாம்மா. மீசை ரொம்ப எடுப்பா இருக்கு."

உள்ளே எழுத்தர் வோய்தா குனிந்த தலை நிமிராமல் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக இதே வேலை. "வாக்காளர் இன்னார், நீங்கள் யாரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?" என்று ஒரு குரல் கேட்கும், அடுத்து காதில் விழும் பெயரை அவர் எழுதுவார். அன்று தலைமை நாற்காலியில் இருந்தவர் புரோகோப்.

அபோலேனாவின் முறை வந்ததும் இரண்டு ஆண்கள் எழுந்தார்கள். ஹினெக் பழைய சீட்டை நீட்டினான்.

"இதுல காலாவதி தேதின்னு எதுவும் எழுதல, ஐயா."

"என்கிட்ட இருக்கறது புதுசு. போன வாரம் எழுதினது" என்றான் மத்தவுஷ்.

தலைவர் புதிய சீட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கையெழுத்து கோணலா இருக்கே. யார் போட்டதோ."

"அம்மா இதோ ஜன்னலுக்கு வெளியிலதான் நிக்கறாங்க. அவங்களையே கேளுங்க."

தலைவருக்கு அது பிடித்துப்போனது. ஊர் முழுக்க நிற்கும்போது சொந்தக் கொழுந்தனை விட்டுவிட்டுக் கொப்பரை கிண்டுகிறவனை எந்தப் பெண் காட்டிவிடுவாள்? எழுந்துபோய் ஜன்னலில் தலையை நீட்டினார். தெருவில் அத்தனை கூட்டத்தைப் பார்த்ததும் பதவியின் தோரணை வந்துவிட்டது. கணீரென்று கேட்டார்:

"வாக்காளர் அபோலேனா குபிச்கோவா அவர்களே, நீங்கள் யாரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்?"

அபோலேனா சால்வையைத் தலையிலிருந்து இறக்கினாள். ஹினெக்கா மத்தவுஷா என்பதுதான் கேள்வி என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? பிறகு நாங்கள் கேட்டபோது, "தெரியலன்னே வச்சுக்குங்களேன்" என்றுவிட்டாள்.

"துசெக் வாத்தியார்" என்றாள் சத்தமாக.

உள்ளே பேனா கிறீச்சிட்டது.

தலைவர் மெதுவாகத் திரும்பினார். "வோய்தா, என்னய்யா எழுதினே?"

"துசெக்னுங்க. நீங்க கேட்டீங்க, அவங்க சொன்னாங்க."

"நான் கேட்டது வேற."

"கேள்வி அதேதானுங்களே."

"அடிச்சுடு."

"அடிச்சா அந்தப் பக்கமே செல்லாதுங்க, அது சட்டம். அந்தப் பக்கத்துல முதல் ஓட்டு உங்களோடது. அதுக்குக் கீழ பதினாறு பேர், எல்லாரும் உங்களுக்குத்தான் போட்டிருக்காங்க."

"பொம்பளைக் குரல் செல்லாதுய்யா."

வோய்தா பதிவேட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "எழுத்துல குரல் தெரியலீங்க."

பதினேழு ஓட்டை மனதுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலைவர் உட்கார்ந்தார்.

"நான் இன்னும் வாயே திறக்கலியே" என்றான் மத்தவுஷ்.

"ஓட்டு விழுந்தாச்சுப்பா. நகரு, அடுத்தவர் வரட்டும்" என்றார் வோய்தா.

மத்தியானம் முடிவு சொன்னார்கள். துசெக் வாத்தியார் ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் தோற்றிருந்தார். மனு இந்தத் தடவையும் வியன்னாவுக்குப் போகப்போவதில்லை. ஹினெக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணியிடம் வந்தான்.

"பாத்தீங்களா அண்ணி, படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வீணாப் போச்சா?"

"போச்சுடா" என்றாள் அபோலேனா. முகம் பூரித்திருந்தது. "மூணு தடவை எனக்கே தெரியாம ஜெயிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னிக்கித்தான் நானா தோத்திருக்கேன்."

மத்தவுஷ் ரிப்பனைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்தான்.

"கொடுத்துவச்சவங்க நீங்க, மொதலாளியம்மா. தோக்கறதுக்குக்கூட நாங்க இன்னும் ஓட்டு கேட்டு ஊர்வலம் போகணும்."

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை. பத்து மணிக்கு."

"நானும் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் பட்டறைப் பக்கம் நடந்தாள்.