பானெட்டில் ஒரு பொட்டு

மலர்விழி தட்டிலிருந்த இட்லியில் ஒரு துண்டைப் பிட்டுக் கார் பானெட்டின்மேல் வைத்தாள். அடுத்த துண்டைத் தான் தின்றாள். பவானி வாசலில் நின்று பார்த்தாள். காக்கைக்கு வைக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். காக்கை ஒன்று மதிலில் வந்து உட்கார்ந்ததும் குழந்தை கையை வீசி அதை விரட்டினாள்.

இட்லித் துண்டு வைத்த இடத்தில் வெள்ளை ஸ்டிக்கருக்கு அடியில் சிவப்பு இருந்தது.

காரின் சொந்த நிறம் கருநீலம். கல்யாண வாடகைக்கு வெள்ளை வண்டிதான் கேட்கிறார்கள் என்று மலர்விழியின் அப்பா மணிமாறன் 2012இல் விழுப்புரத்துக்குக் கொண்டுபோய் வண்டி முழுக்க வெள்ளை வினைல் ஒட்டிவிட்டான். அன்று வெள்ளிக்கிழமை. அவன் முதல் மனைவி சூர்யகலா காலையில் பூசை முடித்துப் பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். வைத்த பொட்டை அழிக்கக் கூடாது என்று சொல்லியனுப்பினாள். ஸ்டிக்கர் கடை மாசிலாமணியும் அதைத் துடைக்காமல் மேலேயே இழுத்து ஒட்டினார். அந்த ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலில் சூர்யகலா போய்விட்டாள். மலர்விழிக்கு அப்போது இரண்டு வயது.

பவானி போன வருடம் இந்தத் திண்டிவனம் வீட்டுக்கு இரண்டாவதாக வந்தவள். வந்த நாளிலிருந்து குழந்தை அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. பசித்தால் வந்து எதிரில் நிற்பாள். தலை பின்னக் காட்டுவாள். கூப்பிட மட்டும் மாட்டாள். இரவில் அவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் பவானி விழித்துக்கொள்வாள், ஒருவேளை கூப்பிடுகிறாளோ என்று.

ஸ்டிக்கர் நாலு கோடை தாங்கியிருந்தது. கூரையில் பழுப்பேறிவிட்டது. பானெட்டில் வறண்ட ஏரிபோலப் பொடி வெடிப்புகள். பவானி வந்தபோது பொட்டு காசளவில் வெளிறிய ரோஜா நிறமாக இருந்தது. இப்போது அவள் உள்ளங்கையைவிடப் பெரிது.

"கடைக் குங்குமம் சாயந்தாங்க," என்றாள் மணிமாறனிடம். அவள் வேதியியல் படித்தவள். "வினைல்ல ஒரு எண்ணெய் கலந்திருப்பாங்க. வெயில்ல அது சாயத்த இழுத்துக்கினு பரவுது."

"படிச்சவ சொன்னா சரிதான்," என்று அவன் பெருமூச்சு விட்டான்.

அவள் சொல்லாதது ஒன்று இருந்தது. பானெட்டின் சரிவு முன்பக்கம் கீழ்நோக்கி. சிவப்பு மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, முன்கண்ணாடியை நோக்கி. நடுவில் வைத்த பொட்டு இடப்பக்கமாக ஒதுங்கிக்கொண்டும் வந்தது. இடப்பக்க முன் சீட்டில் பவானிதான் உட்காருவாள். இதற்கு அவள் படித்ததில் விடை இல்லை.

"அவங்க வந்துக்கினே இருக்காங்க," என்று மலர்விழி அந்தச் சிவப்பைக் காட்டிச் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வைகாசியில் கூட்டேரிப்பட்டுக் கல்யாணம் ஒன்றில் அலங்காரப் பூ சரிந்து சிவப்பு தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். ஸ்டிக்கரை எடுத்துவிடலாமா என்று மணிமாறன் கேட்டு முடிக்கும் முன்பே பவானி சரி என்றாள். இன்னும் விட்டால் பெயிண்ட் கெடும் என்று காரணமும் சொன்னாள். பெயிண்டுக்காகத்தான் சொன்னாளா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூட விடுமுறை. மூவருமே விழுப்புரம் போனார்கள்.

மாசிலாமணி பானெட்டை விரலால் தட்டினார். "அஞ்சு வருசம் வரும்னு அட்டையில போட்டிருப்பான். அவன் ஊரு குளிரு. நம்ம வெயிலுக்கும் இந்தப் பிசுபிசுப்புக்கும் மூணு வருசம் தாண்டாது. பானெட்டு, கூரைன்னா அதுகூட இல்ல. இன்னாய்யா பண்ணிக்கினு இருந்த இத்தினி நாளு?"

"கல்யாண சீசன்ணே."

"அதான் வண்டிக்கே நலுங்கு வச்சிட்டியா?" அவர் மட்டும் சிரித்தார்.

சூடான காற்றடிக்கும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு உரித்தார். கதவுகளில் முழுத்தோலாக வந்தது. பானெட்டில் நகத்தளவு சில்லுகளாக உதிர்ந்தது. அடியில் கருநீலம் நேற்று வாங்கியதுபோல் பளபளத்தது. பொட்டு வைத்திருந்த இடம் வந்ததும் அவர் துப்பாக்கியை அணைத்தார். அங்கே எதுவும் இல்லை. கறை இல்லை. சந்தனம் காய்ந்த பொருக்குகூட இல்லை. பவானி குனிந்து விரலால் தடவினாள். வழவழவென்று இருந்தது.

"என் கண்ணால பாத்துதாம்மா மேல ஒட்டினேன்," என்றார் மாசிலாமணி. இப்போது அவர் சிரிக்கவில்லை. "தடமாவது இருக்கணுமே."

கடைசியாகக் கண்ணாடியை ஒட்டி ஒரு துண்டு மீந்தது. சிவப்பெல்லாம் வந்து சேர்ந்த இடம் அதுதான். அவர் மறுபடியும் துப்பாக்கியைத் திருப்பியபோது யாரோ பவானியின் சுண்டுவிரலைப் பிடித்தார்கள். மலர்விழி. அவளாக வந்து தொடுவது இதுதான் முதல்முறை. கை காய்ச்சல்காரியின் கைபோலச் சுட்டது.

"வேணாம்னு சொல்லுங்க."

"ஏம்மா?"

"பயப்படறாங்க."

இன்னும் கொஞ்சம் சூடு காட்டினால் முடிந்துவிடும். வண்டி வெறும் வண்டியாகிவிடும். பவானி தன் சுண்டுவிரலைச் சுற்றியிருந்த விரல்களைப் பார்த்தாள்.

"அண்ணே, அத விட்ருங்க."

"இத வுட்டா பசை இறுகிப்பூடும். அப்பறம் பெயிண்டோடதான் வரும். என்னாண்ட வந்து கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

மணிமாறன் அவளைப் பார்த்தான். போய் வண்டியை எடுத்தான்.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியபோது நடுமத்தியானம். ரோடு நீர்போல் நெளிந்தது. இடப்பக்க சீட்டில் பவானியின் மடியில் மலர்விழி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே, கருநீலத்தின் விளிம்பில் அந்தத் துண்டு காற்றில் படபடக்காமல் படிந்து கிடந்தது. குழந்தை இன்னும் விரலை விடவில்லை.

"அம்மா," என்றாள்.

பவானி குழந்தையின் முகத்தருகே குனிந்தாள். எத்தனையோ இரவுகளில் காத்திருந்த சொல்.

"என்னடா கண்ணு?"

மலர்விழி திரும்பவில்லை. முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தாள். பிறகு சரியென்று தலையாட்டினாள். பிடித்த விரலை விடாமலே பவானியின் மடியில் ஓரமாக நகர்ந்து, மறுபாதியில் இடம் விட்டாள்.

பவானி அந்தப் பக்கத் தொடையை அசைக்காமல் வைத்துக்கொண்டாள்.