செக்காலை ரோட்டில் தூக்கிய கை

1

"நீங்க கை காட்டலேன்னா அந்தக்கா வந்திருக்குமாண்ணே? சொல்லுங்க!"

"நான் நின்னுக்கிட்டுல்லடா இருந்தேன்? நின்ன வண்டியச் சுத்தி ஏண்டா ஏறி வந்தே?"

"நடுரோட்டுல நின்னா? எதுக்கு நின்னீகன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது. வியாழக்கிழமை, பஞ்சர் கடை. என் பைக்கின் பின்டயரைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து போனில் ஒரு பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். 'காரைக்குடி ரோட்டில் ஐந்து வகை டிரைவர்கள்.' போன் பேசிக்கொண்டே ஓட்டுபவர், இண்டிகேட்டரை இடதுபக்கம் போட்டுவிட்டு வலதுபக்கம் திரும்புபவர்... ஐந்தாவது வகை நல்லவர், நின்று வழிவிடுபவர். அவரை வைத்து உருக்கமாக முடிக்க இருந்தேன். அப்போதுதான் எங்கள் தெருக் கார் டிரைவருக்கும் ஒரு லோடு வண்டிக்காரனுக்கும் இந்தச் சண்டை.

பதிவை அழித்துவிட்டேன்.

2

கதையாக எழுதிப் பார்த்தேன்.

'செவ்வாய்க்கிழமை காலை, வானம் மேகமூட்டமாக' (வானத்தை யார் பார்த்தது? விடுங்கள்.)

'சேவுகப்பெருமாள் ஒரு மகாத்மா' (இல்லை. ஏசி போடச் சொன்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்பவர்.)

சேவுகப்பெருமாள் எங்கள் தெருக்காரர். இருபத்தெட்டு வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறார், ஒரு கேஸ் கிடையாது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செக்காலை ரோட்டில், இடதுபக்கச் சந்து வாசலில், ஸ்கூட்டியில் ஒரு பெண் ரோட்டைக் கடக்க முடியாமல் நிற்பதைப் பார்த்தார். ஒரு வண்டியும் விடவில்லை. இவர் பிரேக் போட்டார். கண்ணாடிக்குள்ளிருந்தே கையை வீசி, "போம்மா" என்றார். அவள் சிரித்தாள். காருக்கு முன்னால் வந்தாள்.

காருக்குப் பின்னால், பஞ்சர் கடையில் அவரோடு சண்டை போட்ட பாண்டியராஜனின் குட்டியானை.* அவன் நிற்கும் காரைச் சுற்றி வலதுபக்கமாக ஏறினான். முன்னால் ஆள் வருவது அவனுக்குத் தெரிய வழியே இல்லை.

சேவுகப்பெருமாளுக்குச் சத்தம்கூடக் கேட்கவில்லை. சிரித்த முகம் கண்ணாடிக்கு நேரே இருந்தது. அப்புறம் இல்லை. அவருடைய கை மட்டும் தூக்கியபடியே இருந்தது.

அவள் பெயர் முத்தழகு. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

* சின்ன லோடு வண்டி. அன்றைக்கு அதில் தண்ணீர் கேன்.

3

(இந்தப் பகுதியை முதலில் எழுதாமல் விட்டிருந்தேன்.)

பஞ்சர் கடையில் பாண்டியராஜன் இன்னொன்றும் சொன்னான். "எனக்கு மட்டும் ஆசையாண்ணே? பின்னால ஒரு பைக்குக்காரன் விடாம அமுக்குறான். எருமை கத்துற மாதிரி ஒரு ஹாரன். காதுல ரத்தம் வராத குறை. அதான் ஏறுனேன்."

என் பைக் ஹாரன் ஆறு மாதமாக அப்படித்தான் கத்துகிறது.

செவ்வாய் ஒன்பது மணிக்கு நான் செக்காலை ரோட்டில் இருந்தேன். முன்னால் ஒரு குட்டியானை நின்றது, தண்ணீர் கேனோடு. அமுக்கினேன். அது நகர்ந்ததும், அவள் நின்ற சந்துக்கு முந்தின சந்துக்குள் திரும்பிவிட்டேன். பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. கேன் விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

கேன் என்றுதான் நினைத்தேன்.

டயரை மாட்டிக் கொடுத்தார்கள். வீடு வரைக்கும் ஹாரனைத் தொடவில்லை.

4

முடிவு அ: சேவுகப்பெருமாள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்கிறார். ஏட்டையா சிரிக்கிறார். "கை காட்டுனதுக்கெல்லாம் செக்சன் இல்லய்யா. போயி வண்டிய எடும்." (எழுதிப் பார்த்தேன். யாருக்கும் பாரம் இறங்கவில்லை.)

முடிவு ஆ: இது நான் எழுதியதல்ல, நேற்று நடந்தது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். கதைக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டு நானும் போனேன். வழியெல்லாம் அவர் ஆரஞ்சுப் பழப் பையைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார்.

முத்தழகு காலில் கம்பியோடு சாய்ந்திருந்தாள்.

"நீங்க யாருண்ணே?"

"அன்னைக்கு அங்கன இருந்தேம்மா. அதான்..."

"பாத்தீகளா? அந்தக் கார்க்காரரு யாருன்னு தெரியுமா? கண்ணாடிக்குள்ள கை மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. நல்ல மனுசன்ணே. எல்லாரும் பறக்குறாக, அவரு ஒருத்தருதான் நின்னாரு. அந்தக் குட்டியானைக்காரனத்தான் விடமாட்டேன். திங்கக்கிழமை ஏட்டையா வாராக, எழுதிக் குடுக்கப் போறேன். அவன் லைசென்ஸ் போகட்டும்."

சேவுகப்பெருமாளின் வலது கை சட்டைப்பைக்குள் போனது. வெளியே வரவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் ஹாரன் விஷயம் அவருக்குத் தெரியாது. இருந்தும் பார்த்தார்.

"வெயில்ல வந்திருக்கீக, ரெண்டு பேரும் உக்காருங்கண்ணே."

உட்கார்ந்தோம்.

5

அடுத்த வரியை மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். 'சேவுகப்பெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டு' ... 'நான் எழுந்து' ...

இன்று சனிக்கிழமை. பாண்டியராஜனுக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. திங்கட்கிழமைக்குள் யாராவது ஒருவர் அந்தப் பெண்ணிடம் வாயைத் திறக்க வேண்டும். கை காட்டியவரா? ஹாரன் அடித்தவனா?

இதைப் படித்தவர்கள் தயவுசெய்து கீழே எழுதுங்கள். 'வேணும்னேவா செஞ்சீங்க, விடுங்க' என்று மட்டும் எழுதாதீர்கள். அதை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.