மல்லிகைக் காலை

எங்கள் பேராசிரியர் டாக்டர் மக்தி வகுப்பின் இருநூறு பேருக்கும் ஒரே மெயில் போட்டிருந்தார். ‘நன்மைக் காலை. வணிகச் சட்டக் கட்டுரை பன்னிரண்டு மணிக்குள் மெயிலில் வரவேண்டும். வராதவர்கள் பரீட்சை எழுத முடியாது.’

எனக்கோ மெயில் அனுப்பவே தெரியாது. அதுவரை என் மெயிலையெல்லாம் கூடப் படிக்கும் ஹைதம்தான் அனுப்பிக் கொடுத்தான். அனுப்பிவிட்டு ஒரு வாரம் கல்லூரி முழுக்கச் சொல்லிக்காட்டுவான். இந்த முறை அவனிடம் போய் நிற்பதில்லை என்று கணினி அறையில் போய் உட்கார்ந்தேன். பார்த்தால் பக்கத்து நாற்காலியிலேயே இருக்கிறான்.

“என்ன நக்லா, மவுஸ் கடிச்சிடப் போகுது, பாத்து!”

அவன் வாயைத் தைக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அதற்குமுன் டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டுமே. நன்மைக் காலை என்று ஒருவர் சொன்னால் எகிப்தில், எங்கள் மன்சூராவில் யாரும் சும்மா இருப்பதில்லை. அதைவிட ஒரு படி மேலே திருப்பிச் சொன்னால்தான் மரியாதை. ‘ஒளிக் காலை, டாக்டர்’ என்று எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டி, கண்ணில் பட்ட பொத்தானை அழுத்தினேன். கட்டுரையை இணைக்க மறந்துபோனேன். அது போதாதென்று, நான் அழுத்தியது எல்லோருக்கும் பதில் போகிற பொத்தான்.

ஒரே நிமிஷத்தில் எவளோ ஒருத்தி அனுப்பினாள்: ‘மல்லிகைக் காலை, நக்லா!’ விட்டுவிட முடியுமா? ‘பாலாடைக் காலை’ என்றேன். இன்னொருவன் ரோஜாவுக்குப் போனான். ஹைதம் தேனுக்கே போய்விட்டான்.

பதினோரு மணிக்குள் என் விரல்கள் எழுத்துகளைத் தேடுவதையே விட்டுவிட்டன. தேனுக்கு மேல் சொல்தான் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டு பால்கனி மல்லிகையின் படம் பென் டிரைவில் இருந்தது. திரையில் இருந்த பேப்பர் கிளிப்பை அழுத்திப் பார்த்தேன். பூ மெயிலில் ஏறிக்கொண்டது! இருநூறு பேருக்கும் அனுப்பினேன். அறையே கைதட்டியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூ ஏறிய வழியில் கட்டுரை ஏறாதா? ஏறியது. டாக்டருக்கு மட்டும் போகிற பொத்தானைத் தேடிப் பார்த்து அழுத்தினேன்.

ஹைதமிடம் மூச்சு விடவில்லை. அவன் ஒரு ரோஜாத் தோட்டத்தையே ஏற்றிக்கொண்டிருந்தான். தோற்க மனசில்லாத மற்றவர்களும் ஆளுக்கொரு படம் ஏற்றினார்கள். கட்டுரையை வழக்கம்போல் கடைசிப் பத்து நிமிஷத்துக்கு வைத்திருந்தார்கள்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஹைதமின் கட்டுரை திரும்பி வந்துவிட்டது. டாக்டரின் மெயில் பெட்டி நிரம்பிவிட்டதாம்.

“நக்லா, உன்னுதும் திரும்பிடுச்சா?”

“என்னுது போயி அரை மணி ஆச்சு, தலைவரே.”

அவன் முகம் செத்துப்போனது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

கதவு திறந்தது. டாக்டர் மக்தியே வந்துவிட்டார்.

“யாரு நக்லா?”

அத்தனை விரல்களும் என் பக்கம் நீண்டன, ஹைதமின் விரல் முந்திக்கொண்டு. வருஷம் போச்சு என்று எழுந்து நின்றேன்.

“என் பெட்டியில முன்னூறு காலை கிடக்கு. கட்டுரை ஒன்னே ஒன்னு. அது உன்னோடது. என் அறைக்கு வா, மகளே.”

தன் நாற்காலியிலேயே என்னை உட்காரவைத்து, பெட்டியைக் காலிசெய்யச் சொன்னார். மற்றவர்களுக்கு இரண்டு மணிவரை அவகாசம் என்று ஒரு வரியும் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ஒவ்வொரு காலையாக அழிக்க ஆரம்பித்தேன்.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“அந்த மல்லிகைய அழிச்சிடாதே. காலையிலேருந்து நானும் எல்லாருக்கும் ஒரு பூ அனுப்பப் பாக்கிறேன், ஏறவே மாட்டேங்குது. நீ எப்படிம்மா ஏத்தினே?”

“இன்னொரு நாற்காலி போட்டுக்குங்க, டாக்டர்” என்றேன்.