புது கார்டு எப்போது வாங்கலாம்?

பஸ் ஓட்டுகிறவருக்கு விமானம் எதற்கு என்று பணிமனையே கேலி பேசியது. ஓட்டுநர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு, கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டைத் திறந்து, மனைவி நர்ஸாக இருக்கும் தூரதேசத்து நகரத்துக்குக் கிளம்பிவிடுவார். கடலைத் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. நகரம் நெருங்கியதும் வரும் வம்பு. அத்தனை கட்டடங்களையும் காட்ட முடியாமல் பழைய கணினி திணறும், படம் நின்று நின்று நகரும், விமானம் எதிலாவது போய் முட்டும்.

"செட்டிங்ஸ்ல கட்டடத்தை எல்லாம் அணைச்சிடுங்க மாமா, ஜம்முனு ஓடும்" என்றான் மச்சான். மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன்.

"அப்புறம் அங்க போய் எதைப் பாக்குறது, வெறும் தரையையா?"

போன புதிதில் அவள் தன் குடியிருப்பைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். ஆற்றோரம், மொட்டைமாடியில் சிவப்புத் தண்ணீர்த் தொட்டி. அதை ஒருமுறை சுற்றிவர வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. 'அடுத்த வருஷம் கூப்பிடுறேன்' என்று அவள் சொல்லிச் சொல்லியே வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போதெல்லாம் போனில் 'சாப்டீங்களா' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவள் குரலுக்கு அவர் ஏங்கிப்போயிருந்தார்.

படத்தைத் திணறாமல் காட்ட கணினிக்குள் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் தீர்ந்தது. மச்சானோ பிடிகொடுக்கவில்லை. "இருங்க மாமா, புதுசு வரப்போகுது, பழசு விலை இறங்கும்." புதுசு வந்தது. "அது ரொம்பச் சூடாகுதாம்." பிறகு, "உங்க பவர் சப்ளை தாங்காது." ஊரார் தலையிலெல்லாம் எதையாவது கட்டிவிடுகிறவன், சொந்த மாமாவுக்கு மட்டும் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொறுமை இழந்த ஓட்டுநர் வேறு கடையில் கார்டை வாங்கிவந்து மச்சானை வீட்டுக்கு அழைத்தார். "மாட்டு." அவன் முகம் தொங்கிப்போயிற்று. வியாபாரம் கைவிட்டுப் போன வருத்தம் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

அன்று நகரம் திணறாமல் வந்தது. ஆறு, பாலம், அதோ சிவப்புத் தொட்டி! ஓட்டுநர் சின்னப்பிள்ளையாய்ச் சிரித்தார்.

"அக்காவுக்குப் போன் போடுடா! வீட்டுக்கு மேலயே வந்துட்டேன், பால்கனிக்கு வரச் சொல்லு!"

மச்சான் போனை எடுக்கவில்லை. "அக்கா அங்க இல்ல மாமா. வீடு மாறி ரொம்ப நாளாச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா. இந்த வீட்டைப் பாத்தா அவகிட்ட கேப்பீங்க, விஷயம் வெளிய வந்துடும்னுதான் கார்டுக்குச் சாக்குச் சொல்லி இழுத்தேன்."

"தனியாவா இருக்கா?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான்.

ஓட்டுநர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "இந்த ஊர்லதானே?"

"இந்த ஊர்தான்."

அவர் விமானத்தை இறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, தெருத்தெருவாக ஓட்டினார். படம் ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஜன்னல்கள் ஒன்றுவிடாமல் பளிச்சென்று தெரிந்தன. எது அவளுடையது என்று தெரியாமல், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போனார்.