கண் திறந்திருக்கும் ஒரே படம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பிளெக்ஸ் பேனர் கடையில் கிடைத்தது. எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் வரவில்லை என்று பேனர் அடிக்கத் திருவொற்றியூரில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். அங்கே டிசைன் வேலை பார்க்கும் அமீருதீன், கம்ப்யூட்டரில் ஒரு குத்துச்சண்டை வீரனின் முகத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார். முகம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. யார் இது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“கடல்ல காணாம பூட்டாரு சார். எர்ணாவூரு ஆளு. கண்ணீர் அஞ்சலி அடிக்கணும். வீடியோ கேம்ல கீற மூஞ்ச டிவில போட்டு, அத்த போன்ல புட்சிகினு வந்துகீறாங்க. இத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது? கிளியரா எத்துகினு வர்றோம்னு போனவங்க இன்னும் வரல.”

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் நான் இட்டுக்கட்டியது. பேர்களும் நான் வைத்தவை. வீட்டுக்கு வந்தும் அந்த உடைந்த முகம் விடவில்லை, சோறு இறங்கவில்லை. எழுதினாலாவது இறங்குமா என்று பார்க்கிறேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

காசிமேட்டிலிருந்து கிளம்பிய அந்த விசைப்படகை, ஏதோ அறிந்தவைபோல அலைகள்

நிறுத்திவிட்டேன். அலைக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும். ஆள் செத்தால் அலையை அழவைப்பது எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி. அடுத்தது:

வெற்றிக்கு எல்லாப் படத்திலும் கண் மூடியிருக்கும்.

இது உருப்படும் போலிருக்கிறது. இதிலிருந்தே போவோம்.

வெற்றிக்கு எல்லாப் படத்திலும் கண் மூடியிருக்கும். கேமராவைக் கண்டால் இமை தானாகச் சாத்திக்கொள்ளும். கூட்டாளிகளின் போன்களில் அவன் இருக்கும் படங்கள் நிறைய உண்டு. படகு மேல்தளத்தில், மச்சினி கல்யாணத்தில், அம்மன் கோயில் கூழ் ஊற்றுகிற இடத்தில் என்று எல்லாவற்றிலும் நின்றுகொண்டே தூங்குகிற மாதிரி இருப்பான். கல்யாண ஆல்பம் ஒரு மழை வெள்ளத்தில், ஆலை எண்ணெய் கலந்து வந்த தண்ணீரில் ஊறிப் பிசுபிசுத்துப் போய்விட்டது. ஆதார் அட்டையில் கண் திறந்திருக்கிறது. ஆனால் அதில் இருப்பது வெற்றியா, வெற்றி மேல் புகார் கொடுத்தவரா என்று சொல்ல முடியாது. நம் எல்லோருக்கும் அந்த அனுபவம் உண்டு.

காற்றடித்த ஒரு விடியலில், வலை இழுக்கும்போது அவன் படகிலிருந்து விழுந்தான். படகுக்காரர்கள் சுற்றிச் சுற்றித் தேடினார்கள். அண்ணன் ரகுபதி வேறொரு படகில் போய்த் தேடினான். கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காத ஆளுக்கு அந்தக் குடும்பத்தில் படம்தான் உடல். படத்தைத் துடைத்து, மாலை போட்டு, தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள். அங்கே காரியம் நடக்கும். திரும்பி வந்ததும் பெண்டாட்டி கழுத்திலிருந்து தாலி இறங்கும். படம் இல்லாமல் இதில் எதுவும் நகராது. ஆகவே, நல்ல படம் ஒன்று கிடைக்காதவரை சௌமியாவுக்குப் புருஷன் இருக்கிறான்.

சௌமியா வெற்றியின் மனைவி. கதை அவளுடையது.

3

ரகுபதியும் அவளும் அமீருதீன் கடைக்கு வந்தார்கள். ரகுபதி கூட்டாளிகளிடமிருந்து வாங்கிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினான்.

“எல்லாத்துலயும் கண்ணு மூடிகினு கீறாரே,” என்றார் அமீருதீன். “பரவால்ல, வேற ஆள் கண்ண எத்து ஒட்டிடலாம். நம்மகிட்ட ஸ்டாக் கீது.”

அவர் மேல் தப்பில்லை, தொழில் அப்படி. அழுக்குச் சட்டையோடு எடுத்த தலையை வெட்டிக் கோட்டு சூட்டு போட்ட உடம்பில் வைப்பார். நரையைக் கறுப்பாக்குவார். ஒரு போல்டர் நிறையக் கண்கள் வைத்திருந்தார். அதைத் திறந்து காட்டினார். ஜோடி ஜோடியாக முகமே இல்லாத கண்கள் அவளைப் பார்த்தன.

[இந்த இடத்தில் அவள் சும்மா இருந்திருந்தால் போதும் என்பதைக் கவனியுங்கள். அவள் மாமா என்று கூப்பிடும் ரகுபதி ஒட்டுக் கண்ணுக்குத் தயங்குவான், இன்னும் கொஞ்ச நாள் தேடலாம் என்பான். அவளைச் சும்மா இருக்க வைக்க நான் எவ்வளவோ முயன்றேன். முடியவில்லை.]

“யாரு கண்ணையோ இன்னாத்துக்குய்யா ஒட்டற?” என்றாள் சௌமியா. “எம் புருசன் கண்ணு தொறந்துகினு கீற படம் எங்க வூட்ல கீது.”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ரகுபதி அவளைத் திரும்பிப் பார்த்தான். “இத்தினி நாளா சொல்லவே இல்லியேம்மா?”

4

அந்தப் படம் டிவியில் மாட்டி விளையாடுகிற ஒரு வீடியோ கேம் பெட்டிக்குள் இருந்தது. பர்மா பஜாரில் மூன்றாம் கையாக வாங்கிய பெட்டி. கூடவே விரல் நீளத்துக்கு ஒரு கேமரா கொடுத்தான் கடைக்காரன். பெட்டியில் ஒரு பாக்ஸிங் விளையாட்டு உண்டு. கேமரா முன்னால் உட்கார்ந்தால் நம் முகத்தை எடுத்து விளையாட்டிலிருக்கும் வீரனுக்கு மாட்டிவிடும்.

வெற்றியின் முகத்தை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆயிற்று. கண் மூடிய முகத்தைப் பெட்டி ஏற்றுக்கொள்ளாது.

“மூடாத. மூடின, கொன்னுடுவேன்.”

“நான் எங்கடி மூட்றேன், அதுவா மூடிக்குது.”

கடைசியில் சௌமியா பெட்டிப் பக்கம் குனிந்துகொண்டே சொன்னாள்: “தோ, உங்கம்மா வராங்க.” அவன் கையில் ஒரு பாட்டில் இருந்தது. கண் இரண்டும் அகலத் திறந்தன, பெட்டி பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து வெற்றி கோதாவில் நின்றான். அவன் தங்கலுக்கு, கடலிலேயே பல நாள் தங்கி மீன் பிடிக்க, போன நாட்களில் இவள் அவனை எடுத்து எவனெவனையோ குத்துவாள். பெட்டியைத் திறந்ததும் பின்னணியில் வருகிற படமாகவும் அவனையே வைத்திருந்தாள்.

[எழுதியவரை ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். எர்ணாவூர் குடியிருப்பில் இருக்கிற மீனவப் பெண்ணுக்குக் கேம் பெட்டி பற்றி இவ்வளவு தெரியுமா என்று கேட்டார். புருஷன் வாரக்கணக்கில் கடலில் இருக்கும்போது வீட்டில் அந்தப் பெட்டியை வேறு யார் தொடுவார்கள் என்று நினைத்தார் அவர்? கோபம் வந்தது. திருத்த மாட்டேன்.]

5

கொஞ்சம் ஒயர் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். கதையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

பெட்டியிலிருந்து டிவிக்குப் படம் போக அந்தக் காலத்துப் பெட்டிகளில் மூன்று வழி உண்டு. ஒன்று மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் உள்ள பழைய ஒயர். சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. படம் முழுக்க அந்த ஒற்றை மஞ்சளில்தான் போகும். வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒன்றாகத் திணித்து அனுப்புவதால் ஒன்றின் மேல் ஒன்று கசியும், எழுத்துகூடச் சரியாகத் தெரியாது. இரண்டாவது ஐந்து முனை உள்ளது. அது படத்தைப் பிரித்து அனுப்பும், எச்.டி.கூட வரும். ஆனால் எங்கள் பக்கத்தில் அதை வைத்திருக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. மூன்றாவது எச்.டி.எம்.ஐ. பெட்டிக்கும் டிவிக்கும் தெம்பு இருந்தால் ஆயிரத்தெண்பது வரிகளில் முழுப் படத்தையும் கொண்டுவந்து போடும்.

விவரம் தெரிந்தவர்கள் உடனே கையைத் தூக்குவார்கள். சின்னக் கேமரா எடுத்த முகம் எந்த ஒயரில் வந்தாலும் அதே முகம்தானே என்பார்கள். உண்மைதான். இல்லாததை ஒயர் கொண்டுவராது. இருப்பதைக் கெடுக்காமல் கொண்டுவரும், அவ்வளவுதான். அமீருதீனுக்கு அது போதும்.

நானும் இதுவரை மஞ்சள் ஒயரில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் எப்படி அழுதாள், அழுதாளா என்றெல்லாம் எழுதவில்லை. அவளைத் தெளிவாகப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

6

ரகுபதி வீட்டுக்கு வந்து டிவியில் தெரிந்த தம்பியைப் போனில் படம் பிடித்துப் போனான். அதுதான் நான் பார்த்த உடைந்த முகம். மறுநாள் திரும்பி வந்து வாசலிலேயே நின்றான். டிவி ஓரளவு புதியது, எச்.டி. ஒயர் மாட்டும் இடம் அதில் இருந்தது.

“பொட்டிக்குப் பின்னாடி எச்.டி. ஒயரு மாட்ற ஓட்டை கீதாம்மா? அமீரு கேக்கச் சொன்னாரு.”

“இல்ல மாமா. அது பழசு. மஞ்ச ஒயருதான்.”

ஓட்டை இருந்தது. ஒயரும் இருந்தது, சமையல் மேடைக்கு மேல் பலகையில், கவர் பிரிக்காமல். கடைசித் தங்கலுக்குப் போகிற அன்று வெற்றி வாங்கி வந்தது. ‘வந்து மாட்டிக்கலாம், நீ தனியா மாட்டிகினு பாத்த, அவ்ளோதான்’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

ரகுபதி பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவள் சொல்லை நம்பினான். அந்த நம்பிக்கைதான் அவளை அறுத்தது.

“செரிம்மா,” என்றான். “அப்போ வேற கண்ணையே வெக்கச் சொல்லிட்றேன். நாளிக்கு காரியம். ஊர்ல சொல்லியாச்சு. இன்னும் எத்தினி நாளு அவன் தண்ணியிலயே அலைவான்? கூடப் பொறந்தவன்மா. நான் போய்த் தேடிக்கீறேன், உனக்குத் தெரியும். கரைக்கு இட்டாந்து உட வேணாமா?”

கெட்டவனாக அவனை எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபம். அவன் நல்லவன், துக்கத்தில் இருக்கிறவன். அவன் கேட்பது நியாயம்.

ஆக, எது செய்தாலும் நாளைக்குக் காரியம் நடக்கும். மஞ்சள் ஒயரோடு விட்டால், யாரோ ஒருத்தன் கண் வைத்த படம் மாலை போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போகும். அது வெற்றி இல்லை. தாலி இறங்கினாலும் அவள் மனசுக்குள் உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருக்கலாம். புதிய ஒயரை மாட்டினால் அவன் தன் கண்ணோடு போவான். போனால் போனதுதான்.

அவள் பலகையிலிருந்து கவரை எடுத்தாள்.

“மாமா. உள்ள வாங்க. ஓட்டை கீது. பொய் சொல்லிட்டேன்.”

7

முடிவுக்கு வந்துவிட்டோம். இரண்டு எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் படம் பளிச்சென்று வருகிறது, பேனர் தெருமுனையில் நிற்கிறது, வெற்றி எல்லோரையும் பார்க்கிறான், சௌமியா தானே முன்வந்து தாலியைக் கழற்றி… நன்றாக இருந்தது. படித்த நண்பர் கண் கலங்கினார். கிழித்துவிட்டேன். யாருடைய தாலியையோ கழற்றி நான் கைதட்டல் வாங்குவதா?

இரண்டாவதில் அவள் ஒயரைக் கத்தரித்துவிடுகிறாள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அது வெற்றி வாங்கியது.

நடந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒயரை மாட்டினாள். செட்டிங்குக்குள் போய் எந்தத் தெளிவு வேண்டும் என்று பெட்டி கேட்ட இடத்தில் மேலானதைத் தேர்ந்தெடுத்தாள். திரை இருண்டது. ரகுபதி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் தோளுக்குப் பின்னால் நின்றான். பிறகு படம் வந்தது.

இப்படி மாற்றும்போது இந்தப் பெட்டி ஒரு கேள்வி கேட்கும். டிவி அந்தத் தெளிவைத் தாங்காமல் போனால் ஆள் இருட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாதே, அதற்காக. படம் தெரிகிறதா, ஆம், இல்லை. ஒன்றும் அழுத்தாவிட்டால் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பழைய மங்கலுக்கே மாறிக்கொள்ளும்.

கேள்வி நடுவில் சின்னதாக நின்றது. பின்னால் திரை முழுக்க வெற்றி. மஞ்சள் ஒயரில் இத்தனை நாள் ஒரு கறுப்புத் தீற்றலாக இருந்த இடத்தில் இரண்டு கண்கள். அம்மா வருகிறாள் என்று பயந்து, பொய் என்று பாதி புரிந்து, சிரிக்கப் போகிற கண்கள். அந்தச் சிரிப்பை அவள் அப்போது பார்க்கவில்லை, பெட்டிப் பக்கம் குனிந்திருந்தாள். இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

கட்டைவிரல் ‘ஆம்’ சொல்லும் பொத்தான் மேல் இருந்தது. அவள் அழுத்தவில்லை.

“தெர்ல மாமா,” என்றாள். “எனக்கு ஒண்ணும் தெர்ல. உங்களுக்குத் தெர்தா?”

ரகுபதிக்கு நல்ல கண். கடலில் தூரத்துப் படகின் கொடி நிறம் சொல்லுகிறவன். போன் அவன் கையில் தயாராக இருந்தது.

அவன் என்ன சொன்னான் என்பதை நான் எழுதியிருந்தேன். முதலில் ஒன்று எழுதினேன், அடித்துவிட்டு அதற்கு நேர்மாறாக எழுதினேன். இரண்டுமே சரியாக இருந்தன. அதனால் அந்த வரியை எடுத்துவிட்டு, அவன் நின்ற இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன். அவள் தோளுக்குப் பின்னால், திரைக்கு நேராக. இப்போது அங்கே நிற்பது நீங்கள். அவள் திரும்பவில்லை, உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறாள். பெட்டி ரொம்ப நேரம் பொறுக்காது.

சொல்லுங்கள். படம் தெரிகிறதா?